தொட்டியைப் பாத்துட்டு மருந்துக் கடைக்குப் போங்க: பன்னி வளர்க்கறவங்க கேள்வி-பதில்

போன இதழ்ல பன்னித் தீவனம் பத்தி நாலு வரி தான் எழுதுனேன், வாட்ஸப்புல கேள்வி குவிஞ்சு போச்சு. எல்லாத்தையும் படிச்சேன், வாய்ஸ் மெசேஜும் கேட்டேன். ஒருத்தர் சாணிய மட்டும் ஏழு போட்டோ எடுத்து அனுப்பியிருக்கார், நான் சோத்துல கை வெச்ச நேரமா பாத்துத் தொறந்துட்டேன். பரவால்ல, உருப்படியா கேட்டவர் அவர் தான், மத்தவங்கள்ல பாதிப் பேர் "கழியுது அண்ணா என்ன மருந்து"ன்னு ஒத்தை வரில முடிச்சுட்டாங்க. குட்டிக்கு எத்தனை நாள் ஆச்சு, என்ன திங்குது, தண்ணி எப்படி வருது, இதெல்லாம் சொல்லாம நான் என்னத்தைச் சொல்ல? இன்னொண்ணு, நான் டாக்டர் இல்லீங்க. பவானி பக்கம் ஏழு தாய்ப்பன்னி வெச்சு பதினாலு வருசமா ஓட்டிட்டு இருக்கறவன். கொட்டில்ல கத்துக்கிட்டதைச் சொல்றேன், ஊசி போடறது டாக்டர் வேலை.

ராசிபுரம் பக்கத்துல இருந்து ஒரு வாசகர்: அண்ணே, லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர் தாய் ரெண்டு வெச்சிருக்கேன், மொத்தம் 18 குட்டி. 45 நாள்ல தாயை விட்டுப் பிரிச்சு பின்னாடி ரூமுக்கு மாத்துனேன், அன்னிக்கே கம்பெனித் தீவனம் ஆரம்பிச்சேன். நாலாம் நாள்ல இருந்து தண்ணியா கழியுது, மூணு செத்துருச்சு. கடையில ஒரு பவுடர் கொடுத்தாங்க, தண்ணில கலந்து வெச்சும் நிக்கல. தீவனம் கெட்டுப் போயிருக்குமா?

தீவனத்து மேல பழி போடாதீங்க தம்பி, நீங்க ஒரே நாள்ல மூணு வேலை பண்ணிட்டீங்க. தாயைப் பிரிச்சீங்க, எடத்தை மாத்துனீங்க, தீவனத்தையும் புதுசா ஆரம்பிச்சீங்க. அதுவரைக்கும் அந்தக் குட்டி மணிக்கு ஒருக்கா தாய் உறுமிக் கூப்பிட்டதும் ஓடிப்போயி கொஞ்சூண்டு பால் குடிச்சிட்டு வந்து படுத்துக்கும். திடீர்னு தாயைக் காணோம்னா மொத நாள் பூரா கத்திட்டே திங்காம கெடக்கும், ரெண்டாம் நாள் பசி தாங்காம தொட்டில தலைய விட்டுச்சுன்னா வயிறு தெறிக்கற மட்டும் திங்கும். பால் குடிச்சுப் பழகுன வயித்துல தானியத்தைச் செரிக்கற அளவுக்கு அமிலம் ஊறியிருக்காது, அரையும் குறையுமா செரிச்சது குடலுக்குள்ள போயி தேங்கும், அங்க எப்பவும் இருக்கற ஈ.கோலை கிருமி அதை வெச்சுப் பெருகும். அதான் பிரிச்ச மூணாம் நாள்ல இருந்து பத்தாம் நாளுக்குள்ள இந்தத் தண்ணிக் கழிச்சல் வரும், உங்களுக்கு நாலாம் நாள் வந்தது கணக்கா இருக்கு.

இப்ப பண்ண வேண்டியது. அரை நாள் தீவனத்தை நிறுத்துங்க, ஆனா தண்ணிய நிறுத்திடாதீங்க. கழியுதுன்னு தண்ணியக் காட்டாம வெக்கற பழக்கம் நம்மாளுங்ககிட்ட இன்னும் போகல, அந்தக் குட்டிங்க பாதி சாகறதே ஒடம்புல தண்ணி வத்திப் போயி தான். காதுக்குப் பின்னாடி தோலைக் கிள்ளித் தூக்கி விட்டுப் பாருங்க, ஒடனே படிஞ்சா பரவால்ல, அப்படியே மடிப்பா நின்னுச்சுன்னா, கண்ணும் உள்ள போயிருந்துச்சுன்னா நேரம் கம்மி, டாக்டரைக் கூப்பிட்டு மருந்து ஏத்தணும். நடமாடற குட்டிக்கு மெடிக்கல்ல மனுசனுக்கு விக்கற ஓஆர்எஸ் போதும், பாக்கெட்டு மேல எத்தனை லிட்டர்னு போட்டிருக்கோ அந்த அளவுக்குக் கரைக்கணும். அதுவும் இல்லேன்னா கொதிச்சு ஆறுன தண்ணி 1 லிட்டர்ல 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி அளந்து போடுங்க, குமிச்சுப் போட்டா உப்பே அதுக்கு எமன். நிப்பிள்ல, அதான் வாயால அமுக்குனா தண்ணி வர்ற குழாய்ல, குடிக்கத் தெரியாத குட்டி இருக்கும், அதனால அகலமான தட்டுல ஊத்தி வைங்க, பக்கத்துல இன்னொரு தட்டுல சாதா தண்ணி. சாயங்காலத்துல இருந்து தீவனம் ஒரு கைப்பிடி, ஒரு கைப்பிடியா ஒரு நாளைக்கு ஆறு தடவை. மழை நாளு, பின்னாடி ரூம் தரை ஈரமா இருக்கும்னு நெனைக்கறேன், சாக்கோ வைக்கோலோ போட்டு ராத்திரி ஒரு குண்டு பல்பு எரிய விடுங்க, குளிர்ல கெடக்கற குட்டிக்கு எந்த மருந்தும் பிடிக்காது.

அந்தப் பவுடர் கவரை எடுத்துப் பேரைப் படிங்க. கோலிஸ்டின்னு இருந்தா கொடுக்காதீங்க, கறிக்கு வளர்க்கற கால்நடைக்கு அதை 2019லயே மத்திய அரசு தடை பண்ணியாச்சு. வேற ஆன்டிபயாட்டிக்கா இருந்தாலும் டாக்டர் பாக்காம வேண்டாம், சோர்ந்து படுத்த குட்டி எந்திரிச்சுப் போயி மருந்துத் தண்ணி குடிக்கப் போறதில்ல, நல்லா இருக்கற குட்டி தான் அதைக் குடிக்கும்.

அடுத்த ஈத்துல இப்படிப் பண்ணுங்க. குட்டி போட்டு பத்துப் பன்னெண்டு நாள்லயே தாய் எட்டாத மூலையில குட்டித் தீவனம் ஒரு கை வைங்க. மொதல்ல மூக்கால தள்ளி விளையாடும், திங்காது, பழசைக் கொட்டிட்டு தினமும் புதுசா வைங்க, மூணு வாரத்துல தானா கடிக்கும். பிரிக்கற அன்னிக்குத் தாயை வெளிய கொண்டு போங்க, குட்டிங்க அதே எடத்துல இருக்கட்டும். தீவனத்தை ரெண்டு வாரம் மாத்தாதீங்க, அப்புறம் மாத்தறதா இருந்தா கால்வாசி, அரைவாசின்னு ஒரு வாரம் கலந்து கொண்டு போங்க.

பூந்தமல்லி பக்கத்துல இருந்து: சார், 30 பன்னி இருக்கு, எல்லாம் அம்பது அறுபது கிலோ. ஹோட்டல் வேஸ்ட் ஒரு நாளைக்கு 200 கிலோ கிடைக்குது, அதையே போட்டுடறேன், தீவனச் செலவு கிடையாது. ஆனா வயிறு பானை மாதிரி இருக்கு, எடை ஏறல, மாசம் ஒருக்கா கழிச்சல் வருது. வேக வெச்சுத் தான் போடணுமா?

கணக்குப் போட்டுப் பாருங்க சார். 200 கிலோவை 30 பன்னி பங்கு போட்டா தலைக்கு ஆறரை கிலோ வருது, கேக்கப் பெருசா இருக்கு, ஆனா ஹோட்டல் வேஸ்ட்ல முக்காவாசி தண்ணி, காஞ்ச பொருளா பாத்தா ஒண்ணரை கிலோ தான் தேறும். அதுலயும் சோறு தான் நெறைய, புரதம் கொஞ்சம். 60 கிலோ பன்னிக்கு நல்ல தீவனமே ரெண்டு, ரெண்டரை கிலோ வேணும். அதனால வயிறு ரொம்புது, சதை போடல. தலைக்கு ஒரு கால் கிலோ சோயா புண்ணாக்கு, முக்கா கிலோ மக்காச்சோளமும் தவிடும், 20 கிராம் தாது உப்புக் கலவை சேத்துப் பாருங்க, ரெண்டு மாசத்துல முதுகு உருண்டு வரும். சாதா உப்பு மட்டும் ஒரு கல்லு சேக்காதீங்க, ஹோட்டல் சாம்பார்லயே வேண்டியதுக்கு மேல இருக்கு.

வேக வெக்கணுமான்னா, கட்டாயம் வெக்கணும். சும்மா சூடு காட்டி எறக்கறது இல்ல, 90 டிகிரி சூடு அண்டா நடுவுல ஒரு மணி நேரம் நிக்கணும், அடிவரைக்கும் கிண்டிட்டே இருக்கணும். அதுல பன்னிக் கறி, சாசேஜ் துண்டு எதாச்சும் இருந்தா அது வழியா ஆப்பிரிக்கன் பன்னிக் காய்ச்சல் வரலாம், அதுக்கு மருந்தே கிடையாது, கீழ கூடலூர்க்காரருக்குச் சொன்னதைப் படிங்க. பிளாஸ்டிக், பல்குச்சி, ஊறுகாய், அப்பளம் எல்லாம் அடுப்புக்குப் போறதுக்கு முன்னாடி பொறுக்கிடணும்.

ஊறுகாய்னதும் ஞாபகம் வருது, இதைச் சொல்லணும், நான் வாங்குன அடி. நாலஞ்சு வருசம் முன்ன முகூர்த்த சீசன்ல ஒரு மண்டபத்துல மிச்சம் ஆனதை மூணு டிரம் எடுத்துட்டு வந்தேன். ஒரு டிரம்ல புளியோதரையும் ஊறுகாயும் அப்பளமும் வத்தலும் ஒண்ணாக் கொட்டியிருந்தாங்க. நானும் பாத்தேன், பன்னி என்னத்தையும் திங்கும்னு நெனச்சு தொட்டில ஊத்திட்டேன். அதே நேரம் பாத்து மோட்டார் காயில் போயிருச்சு, டேங்க்ல தண்ணி இருக்குன்னு நெனச்சுட்டு நான் ஈரோட்டுக்கு காயில் கட்டப் போயிட்டேன், டேங்க் காலி. ஒண்ணரை நாள் அதுங்களுக்கு ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. மறுநாள் காலைல போயிப் பாத்தா ஒரு பன்னி நாய் மாதிரி பின்னங்கால்ல உக்காந்துட்டு இருக்கு, வாயில நுரை, பல்லை நறநறன்னு மெல்லுது, மூக்கைக் கொஞ்சங்கொஞ்சமா மேல தூக்குது, தூக்கித் தூக்கி அப்படியே பின்னாடி நகந்து சுவத்துல இடிச்சு விழுந்து காலை உதைச்சுது. அடங்குச்சு, எந்திரிச்சுது, ஏழு நிமிசம் கழிச்சு மறுபடி அதே மாதிரி. யாரோ வெசம் வெச்சுட்டாங்கன்னு தான் நெனச்சேன், பக்கத்துத் தோட்டத்துக்காரனை மனசுக்குள்ள திட்டிக்கிட்டே இருந்தேன்.

அதுக்கப்புறம் பண்ணுனது தான் பெரிய தப்பு. மோட்டார் ஓடுனதும் பாவம் தாகமா இருக்கும்னு ஓஸைப் போட்டுத் தொட்டி நெறையத் தண்ணி விட்டேன், மடக்மடக்னு குடிச்சுதுங்க. ஒரு மணி நேரத்துல நல்லா நின்ன பன்னியும் இழுக்க ஆரம்பிச்சுருச்சு. டாக்டர் வந்து தொட்டியையும் டிரம்மையும் மோந்து பாத்துட்டு, "உப்பு விஷம்ய்யா இது, தண்ணி இல்லாததால வந்தது, ஒரேடியா தண்ணி காட்டுனதால முத்துனது"ன்னார். ஒடம்புல உப்பு ஏறிக் கெடக்கறப்ப மூளையிலயும் உப்பு சேந்திருக்கும், திடீர்னு தண்ணி உள்ள போனா மூளை அதை இழுத்து வீங்கிக்கும். கொஞ்சமா, மணிக்கு ஒருக்கா தான் காட்டணும், 60 கிலோ பன்னிக்கு ஒரு தடவைக்கு 300 மில்லி, ஒரு பெரிய டம்ளர் கணக்கு. 14ல நாலு போச்சு எனக்கு. அன்னில இருந்து காலைல கொட்டிலுக்குப் போனதும் மொதல் வேலை நிப்பிளை அமுக்கிப் பாக்கறது தான். ஒரு லிட்டர் சொம்பைப் பிடிச்சு ஒரு நிமிசத்துல ரொம்புதான்னு பாருங்க, பால் கொடுக்கற தாய்க்குன்னா ரெண்டு சொம்பு ரொம்பணும். ஹோட்டல் வேஸ்ட் போடற எடத்துல குடிதண்ணி வரத்து மட்டும் நிக்கவே கூடாது.

தக்கலையில இருந்து ஒரு சகோதரி: அண்ணா, மோர் குடுத்தா கழிச்சல் நிக்குமா? பூண்டு தட்டிப் போடலாம்னு அம்மா சொல்றாங்க.

லேசா இளகிப் போறதுக்கு, புளிக்காத மோர் கால் லிட்டர் குடுங்கம்மா, பெரிய பன்னிக்கு கெடுதல் இல்ல. பூண்டும் பரவால்ல. தண்ணியா பீச்சி அடிக்கறப்பவோ, சாணில ரத்தம் இருந்தாவோ, ஒடம்பு சுட்டாவோ அம்மா வைத்தியத்தை ஓரமா வெச்சுட்டு டாக்டருக்குப் போன் பண்ணுங்க.

கூடலூர்ல இருந்து: நாலு பன்னி வெச்சிருக்கோம். காட்டுப்பன்னி செத்துக் கெடந்துச்சுன்னு போன வாரம் ஊர்ல பேசிக்கிட்டாங்க. எங்க கெடா ரெண்டு நாளா திங்கல, கழிச்சலும் இருக்கு. பயமா இருக்கு.

பயப்படறது சரி தாங்க. ஆப்பிரிக்கன் பன்னிக் காய்ச்சல் நம்ம நாட்டுக்குள்ள 2020ல அசாம் பக்கம் வந்துச்சு, 2022 ஜூலைல உங்களுக்கு அடுத்தாப்புல வயநாட்டுப் பண்ணைப் பன்னிகள்ல, 2023 ஆரம்பத்துல முதுமலைல செத்த காட்டுப்பன்னிகள்ல இருக்குன்னு உறுதியாச்சு. அதனால உங்க ஊர்ல திங்காம கெடக்கற பன்னிய வயித்துக் கோளாறுன்னு நெனச்சு ரெண்டு நாள் வெச்சுப் பாக்கக் கூடாது. மொதல்ல தெர்மாமீட்டர் வைங்க. ஆசனவாய்ல வெச்சுப் பாத்தா நல்ல பன்னிக்கு 102, 103 பாரன்ஹீட் இருக்கும். 105க்கு மேல போயி, காது, வயித்துத் தோல் எல்லாம் செவந்து ஊதா ஆகி, நடக்கறப்ப பின்னங்கால் ஆடுனா அது வெறும் கழிச்சல் இல்ல. பழைய பன்னிக் காய்ச்சலும் (கிளாசிக்கல்னு சொல்வாங்க) பாக்க இதே மாதிரி தான் இருக்கும், அதுக்குத் தடுப்பூசி இருக்கு, நீங்க போட்டீங்களான்னு எழுதல. கண்ணால பாத்து எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது, லேப்ல ரத்தம் பாத்தா தான் தெரியும்.

1962க்குப் போன் பண்ணுங்க, கால்நடை ஆஸ்பத்திரிக்கும் சொல்லுங்க. தகவல் சொல்றது சட்டப்படியே கட்டாயம். அவங்க வர்ற வரைக்கும் நீங்களும் வெளிய எந்தக் கொட்டிலுக்கும் போகாதீங்க, வேற ஆளையும் உள்ள விடாதீங்க, செருப்பைக் கொட்டில் வாசல்லயே விட்டுருங்க. அதை விட முக்கியம், "செத்துப் போறதுக்குள்ள வித்துடலாம்"னு எவனாச்சும் வியாபாரி வந்து நிப்பான், கொடுத்துடாதீங்க, ஒரு வண்டி போதும் பத்து ஊருக்குக் கொண்டு போறதுக்கு. மனுசனுக்கு இது ஒட்டாது, அந்தக் கவலை வேண்டாம்.

கோபியில இருந்து: குட்டி போட்டு பத்து நாள். எல்லாக் குட்டியும் மஞ்சளா, தயிர் மாதிரி கழியுது. ஊசி மூணு நாள் போட்டாச்சு, கொஞ்சமும் நிக்கல. தாய் நல்லா திங்குது. போன ஈத்துலயும் இதே நாள்ல இதே மாதிரி வந்துச்சு.

நீங்க கடைசியா எழுதுன வரி தாங்க முக்கியம். ஒவ்வொரு ஈத்துலயும் ஒரு வாரத்துல இருந்து ரெண்டு வாரத்துக்குள்ள, மஞ்சளா களி மாதிரி, புளிச்ச வாடையோட, ஊசிக்கு அசையாம வந்துச்சுன்னா காக்சிடியா ஒட்டுண்ணியா இருக்க நெறைய வாய்ப்பு. அது பாக்டீரியா இல்ல, அதனால ஆன்டிபயாட்டிக் அதை ஒண்ணும் பண்ணாது. சாணிய ஒரு டப்பால போட்டு கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவு லேப்புக்குக் கொண்டு போங்க, மைக்ராஸ்கோப்ல முட்டை தெரியும். இருக்குன்னா அடுத்த ஈத்துல மூணு நாள்ல இருந்து அஞ்சு நாளுக்குள்ள டோல்ட்ராசுரில் ஒரே ஒரு டோஸ் வாயில ஊத்தச் சொல்வாங்க, அளவை டாக்டர் எடை பாத்துச் சொல்லட்டும். இந்த ஈத்துக்கு ஓஆர்எஸ், சூடு, காஞ்ச தரை, அவ்ளோ தான், பெரும்பாலும் பொழச்சுக்கும், ஆனா வளர்ச்சி ஒரே சீரா இருக்காது.

இது ஒவ்வொரு ஈத்துக்கும் எங்க இருந்து வருதுன்னா உங்க தரைல இருந்து. சிமெண்ட் தரை வெடிச்சிருக்கா பாருங்க, அந்த வெடிப்புல பழைய சாணி கறுப்பா ஏறி நிக்கும், வெளக்கமாத்துக்கு அது வராது, பினாயிலும் அந்த முட்டையக் கொல்லாது. ஒரு கம்பியால வெடிப்பைச் சொரண்டி எடுத்து, கொதிக்கற தண்ணி ஊத்தி, நல்லா காய விட்டு, சிமெண்ட் பூசி, சுண்ணாம்பு அடிச்சு ஒரு வாரம் காலியா போடுங்க. அதுக்கப்புறம் சினைப் பன்னிய வயித்துலயும் மடியிலயும் சோப்புப் போட்டுக் கழுவி உள்ள விடுங்க. ஆமா, குட்டிக்கு மூணாம் நாள் இரும்பு ஊசி 200 மில்லிகிராம் போட்டீங்களா? தாய்ப்பால்ல இரும்புச் சத்து ரொம்பக் கம்மி, சிமெண்ட் தரைல வளர்ற குட்டிக்கு மண்ணுல இருந்தும் கெடைக்காது, வெளுத்துப் போன குட்டி எந்தக் கழிச்சலையும் தாங்காது.

தர்மபுரியில இருந்து: சினைப் பன்னி, இன்னும் நாலு நாள்ல குட்டி போடணும். சாணி ஆட்டுப் புழுக்கை மாதிரி கெட்டியா வருது. விளக்கெண்ணெய் கொடுக்கலாமா?

வேண்டாங்க, இந்த நேரத்துல வயித்தைக் கலக்கி விடாதீங்க. தீவனத்துல மூணுல ஒரு பங்கு கோதுமைத் தவிடா மாத்தி, தண்ணி விட்டுக் கூழா போடுங்க. காலைல ஒரு கால் மணி நேரம் வெளிய நடக்க விடுங்க, அடைச்சே வெச்சிருந்தா கொடல் அசையாது. அதுக்கும் இளகலைனா பேதி உப்பு, மெக்னீசியம் சல்பேட், ஒரு 20 கிராம் தீவனத்துல ரெண்டு நாள். இதை ஏன் பெருசா சொல்றேன்னா, மலச்சிக்கலோட குட்டி போடற பன்னிக்கு மடி கல்லு மாதிரி ஆகி, காய்ச்சல் வந்து, பால் வத்திப் போறது ரொம்ப சகஜம். அப்புறம் பத்துக் குட்டிக்கும் நீங்க தான் பாட்டில் பிடிக்கணும். குட்டி போட்ட மறுநாள் தெர்மாமீட்டர்ல 104 தாண்டுச்சுன்னா, இல்ல குட்டிங்க மடிய விட்டு நகராம கத்திக்கிட்டே இருந்துச்சுன்னா ஒடனே டாக்டர். பால் கொடுக்கறப்ப 2 கிலோ அடிப்படைத் தீவனம், அதுக்கு மேல குட்டி ஒண்ணுக்கு 400 கிராம்னு கணக்கு வெச்சு தாய்க்கு, ஒரு வாரத்துல கொஞ்சங்கொஞ்சமா ஏத்துங்க. குட்டி போட்ட அன்னிக்கே அண்டா அண்டாவா வெக்காதீங்க.

ஆத்தூர்ல இருந்து: ஜவ்வரிசி ஆலையில திப்பி, அதான் மாவு எடுத்த மரவள்ளிச் சக்கை, சல்லிசா கெடைக்குது. அதையே முழுசா போடலாமா?

முழுசா போட்டா கட்டுப்படியாகாது, திப்பில புரதம் ரெண்டு மூணு சதவீதம் தான். வளர்ற பன்னிக்கு நான் 100 கிலோவுக்குக் கலக்கறது: மக்காச்சோளம் 50, கோதுமைத் தவிடு 20, சோயா புண்ணாக்கு 20, அரிசித் தவிடு 8, தாது உப்புக் கலவை ஒண்ணரை, சாதா உப்பு அரை கிலோ. இதுல புரதம் 17 சதவீதம் கிட்ட நிக்கும். மக்காச்சோளத்துல 10 கிலோவை எடுத்துட்டு எட்டு கிலோ காஞ்ச திப்பி, ரெண்டு கிலோ சோயா சேத்துக்கலாம், விலை கணக்குப் பண்ணிப் பாத்துக்குங்க. ஈரத் திப்பி ரெண்டு நாள்ல புளிச்சு பூசணம் பிடிக்கும், அதைப் போட்டுட்டு "கழியுது"ன்னு எனக்கு மெசேஜ் போடாதீங்க. ஆலையில இருந்து வந்த அன்னிக்கே களத்துல மெலிசாப் பரப்பிக் காய வெச்சுருங்க. தோட்டத்துல பறிச்ச பச்சை மரவள்ளி இலை, தோல் இதெல்லாம் அப்படியே போட்டா அதுல இருக்கற சயனைடு பன்னியக் கொன்னுடும், சீவி நல்லா வெயில்ல காய்ஞ்சதும் தான்.

கடலைப் புண்ணாக்கும் அதே கதை தான், பூசணம் பிடிச்சதை "பன்னிக்குத் தானே"ன்னு விக்கறவங்க இருக்காங்க, அந்தப் பூசண நஞ்சு ஈரலைத் தின்னுடும், வேக வெச்சாலும் போகாது.

கடைசியா, ஏழு போட்டோ அனுப்புன கரூர் வாசகர்: அண்ணா, 70 கிலோ பன்னி அஞ்சு. ஒண்ணு மட்டும் கொஞ்சமா தின்னுட்டு ஒதுங்கி நிக்குது, பல்லைக் கடிக்குது, காது வெளுத்திருக்கு. சாணி போட்டோ பாருங்க. ஒரே தீவனம் தான் எல்லாத்துக்கும், மில்லுல நைஸா அரைச்சு வாங்கறேன், நல்லா செரிக்கட்டும்னு.

மூணாவது போட்டோவும் நாலாவதும் பெருசாக்கிப் பாத்தேன். தார் மாதிரி கறுப்பா, பளபளன்னு இருக்கு. ரத்தம் கொடலுக்குக் கீழ்ப்பக்கம் கசிஞ்சா செவப்பா, சளியோட வரும், மேல வயித்துலயே கசிஞ்சா செரிச்சு கறுப்பா வரும். பல்லைக் கடிக்கறதையும் காது வெளுத்ததையும் சேத்துப் பாத்தா வயித்துல புண்ணு மாதிரி தெரியுது, இன்னிக்கே டாக்டரைக் கூட்டிட்டு வந்து காட்டுங்க, ரத்தம் நெறைய போனா நின்ன எடத்துல விழுந்துடும். அந்த ஒண்ணைத் தனியா நிறுத்தி, தீவனத்தைக் கூழா, நாலு வேளையா பிரிச்சுக் கொடுங்க.

நைஸா அரைச்சது தான் எனக்கு ஒதைக்குது. மாவு மாதிரி அரைச்சா வயித்துக்குள்ள எல்லாம் ஒரே கூழா கலங்கி, கீழ்ப்பக்கம் இருக்க வேண்டிய அமிலம் மேல தொண்டைக் குழாய் சேர்ற எடம் வரைக்கும் ஏறிடும், அந்த எடத்துக்கு அமிலத்தைத் தாங்கற பூச்சு கிடையாது, புண்ணாகும். மில்லுக்காரர்கிட்ட பெரிய கண்ணு சல்லடை போடச் சொல்லுங்க. ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சுத் தேய்ச்சுப் பாருங்க, ரவை மாதிரி நரநரன்னு இருக்கணும், கோலமாவு மாதிரி வழுக்குனா திருப்பிக் கொடுங்க. மில் லீவுன்னு ஒரு நாள் முழுக்கப் பட்டினி போட்டுட்டு மறுநாள் ரெட்டிப்பா வெக்கறதும் இதே புண்ணைக் கொண்டு வரும், அப்படி எதாச்சும் நடந்துச்சான்னு யோசிச்சுப் பாருங்க.

அப்புறம் ஆறாவது போட்டோவுல ஓரத்துல வெள்ளையா நீளமா ஒண்ணு கெடக்கே, அதைப் பத்தி நீங்க கேக்கவே இல்ல. நூடுல்ஸ் இல்லைன்னா அது உருண்டைப் புழு. டாக்டர் வர்றப்ப அஞ்சுக்கும் சேத்து குடல் புழு மருந்து கேளுங்க, பென்பென்டசோலா ஐவர்மெக்டினான்னு அவர் சொல்வார், சொறி இருந்தா ஐவர்மெக்டின் ரெண்டுக்கும் ஆகும். கறிக்கு விக்கறதுக்கு எத்தனை நாள் முன்ன நிறுத்தணும்னும் கேட்டுக்குங்க. சாணிய அன்னன்னிக்கு அள்ளிடுங்க, அந்தப் புழு முட்டை மண்ணுல வருசக்கணக்கா கெடக்கும்.

அடுத்த தடவை போட்டோ எடுக்கறப்ப பக்கத்துல ஒரு தீப்பெட்டிய வெச்சு எடுங்க, அளவு தெரியும். சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னாடி அனுப்புனா ரொம்பப் புண்ணியமா போகும்.